அம்மாவோடு மலைப்பாதையில் ஐந்து இரவு: கால்கரியில் எடுத்த வாடகை மோட்டார்ஹோம்

செப்டம்பர் தொடக்கத்தில் கனடாவின் கால்கரியில் ஒரு வாடகை நிறுவனத்திடம் 25 அடி மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) எடுத்து, ராக்கி மலைப் பக்கம் லேக் லூயிஸ், ஜாஸ்பர் என்று ஐந்து இரவு சுற்றி வந்தோம். நான், மனைவி, 71 வயது அம்மா. வண்டிக்கு முழு மதிப்பெண். அதை எங்கள் கையில் கொடுத்த விதத்துக்குப் பாதிகூடத் தர மனசு வரவில்லை.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலை சுமார் 230 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு நடுவில் சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங் ஒன்றுதான், போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டி வலி வேறு. போன தடவை இதே பாதையில் காரில் போனபோது, பாத்ரூமுக்கு எங்கே நிறுத்துவது என்ற பயத்தில் அவர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார், எனக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது. இந்தத் தடவை எங்கே ஓரம் கட்டினாலும் கழிவறை நாலு அடி பின்னால் இருந்தது. போ (Bow) ஏரிப் பக்கம் நிறுத்தி இஞ்சி தட்டிப் போட்டு டீ, மதியம் அதபாஸ்கா பனியாறு ஜன்னலில் தெரியத் தயிர்சாதம். பனியாறு எந்த வருஷம் எதுவரை இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள், நாங்கள் மாறி மாறிப் போய்ப் பார்த்து வந்து அம்மாவிடம் சொன்னோம்.

லேக் லூயிஸ் முகாமில் கரடி பயத்தால் கூடாரக்காரர்களுக்கு மின்வேலி போட்ட தனி இடம், மோட்டார்ஹோம்களுக்கு வேறு பகுதி. ராத்திரி ரயில் சத்தம் உண்டு. பக்கத்தில் இருக்கிற மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வண்டியில் போக முடியாது, பஸ்ஸுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி குறைகள். வண்டியில் எதை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுக்க வாடகை நிறுவனத்தார் ஒதுக்கியது இருபது நிமிஷம். திரும்பி வரும்போது சன்வாப்டா கணவாய் தாண்டித் தெற்கே இறங்கும் அந்தப் பெரிய சரிவில் பிரேக் கருகுகிற வாசனை வந்துவிட்டது, அம்மா பின்னால் உட்கார்ந்திருக்க எனக்குக் கை நடுங்கியது. ஓரம் கட்டி, சூடு ஆறும்வரை காத்திருந்து, கையேட்டைப் புரட்டிய பிறகுதான் கியர் லீவரில் இருக்கிற டோ ஹால் பட்டனை அழுத்தினால் வண்டி கீழ் கியரிலேயே நின்று வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தது. ஏறின கியரிலேயே இறங்கு என்று நம்மூர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதுதான் இது. மலைக்குப் போகிறோம் என்று தெரிந்தே வண்டி கொடுப்பவர்கள் இந்த ஒன்றையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

கழிவுநீர்த் தொட்டி விஷயமும் அப்படித்தான். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, அப்புறம்தான் பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியைத் திறக்க வேண்டும், அப்போதுதான் குழாய் அலசிக்கொள்ளும். பக்கத்து வண்டியில் இருந்த ஒரு பெரியவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

பணமும் பாருங்கள். எங்கள் வாடகையில் சேர்ந்தது மொத்தம் 500 கிலோமீட்டர், கால்கரியிலிருந்து ஜாஸ்பர் போய் வரவே 800ஐத் தாண்டும். மிச்சத்துக்குத் தனிக் கட்டணம், ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்கும் தனி.

அடுத்த கோடையிலும் போகிறோம், அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். இதே 25 அடிதான், ஆனால் வேறு இடத்தில் எடுப்போம். நீங்கள் எங்கே எடுத்தாலும் சாவி வாங்கும் முன் தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், ஹீட்டர், அந்த டோ ஹால் பட்டன் எல்லாவற்றையும் அவர்கள் எதிரிலேயே போட்டுப் பார்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.