மட்டக்களப்புக்கு ஆபத்துக்கு உதவும் தண்ணீர் எது?

மட்டக்களப்பு நகரின் குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்தில் எடுக்கப்பட்டு, வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைத் தாண்டி வருகிறது. ஒரே குளம், ஒரே பாதை. குளம் வற்றினாலும், வெள்ளத்தில் குழாயோ மின்சாரமோ போனாலும் நகரம் எதை நம்புவது?

முதல் வழி, உன்னிச்சையிலேயே குடிநீருக்கென ஒரு பங்கைக் கைவைக்காமல் விடுவது. மாரியில் நிரம்பி வான்கதவு திறக்கும் அதே குளம், ஆவணி புரட்டாதியில் வெகுவாக இறங்கிவிடும். இடையில் சிறுபோகம், அதாவது கோடைகால நெல் வேளாண்மை, இருக்கிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுக்கும்போதே, அடுத்த மழை வரைக்குமான குடிநீரையும் வெயில் குடிக்கும் பங்கையும் கழித்துவிட்டு மிச்சத்தை வயலுக்குக் கணக்குப் பார்க்கலாம். கட்டுமானச் செலவே இல்லை. ஆனால் ஏக்கர் குறைந்தால் அடி விழுவது விவசாயிக்கு. அவருக்கு நட்டஈடு கொடுக்காமல் நகரம் இதைக் கேட்பது நியாயமில்லை. குழாய் உடைந்தாலோ, குளத்தில் எவ்வளவு கிடந்தும் பயனில்லை.

இரண்டாவது, வேறொரு குளத்தைச் சேர்ப்பது. உறுகாமத்தையும் கித்துளையும் இணைப்பது பற்றிய பேச்சு பழையது. ஆனால் அவற்றை நிரப்புவதும் உன்னிச்சையை நிரப்பும் அதே மழைதான். அது பொய்த்த வருடம் எல்லாமே சேர்ந்து இறங்கும். அம்பாறைப் பக்கம் நிலைமை வேறு. அம்பாறை, கல்முனைப் பக்கத்துக் குழாய்நீர் எடுக்கப்படும் கொண்டவட்டவான் குளத்துக்குப் பின்னால் சுமார் 95 கோடி கனமீற்றர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் நிற்கிறது. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் ஒரு கெட்ட வருடத்தைத் தாங்கிக்கொள்ளும். அதனால், அவசரத்தில் கல்முனைப் பக்கமிருந்து களுவாஞ்சிக்குடி வழியாகத் தண்ணீரைத் திருப்பக்கூடிய இணைப்புத்தான், இன்னொரு குளத்தை விட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2024இல் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் தொடங்கியது போன்ற கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம்? மின்சாரத்தைக் குடிக்கும் யந்திரம் அது. புயலில் முதலில் போவதே மின்சாரம்தான்.

அப்புறம் பௌசர், தண்ணீர் ஏற்றிவரும் தாங்கி லொறி. எல்லாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது இதுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் என்பது அவசரகாலக் குறைந்தபட்சம். 80,000 பேர் என்று வைத்தால் 12 இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பௌசர் ஒன்றுக்கு நாளாந்தம் 120 நடை! அதுவும் வீதி வெள்ளத்தில் மூழ்காமல் இருந்தால். வைத்தியசாலைக்கும் முகாம்களுக்கும் சரி, முழு நகரத்துக்கும் நடக்காது.

மிஞ்சுவது கிணறு. கல்லடியிலும் நாவற்குடாவிலும் மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மின்சாரம் இல்லாமல், குழாய் இல்லாமல், வீட்டு வாசலிலேயே கிடக்கும் நீர்த்தேக்கம் அது. குறையும் உண்டு: வெள்ளத்தில் மலசலகூடக் குழி நீர் கலக்கும், குளோரின் போடாமல் குடிக்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அளவுக்கு மிஞ்சி இறைப்பது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் உப்புநீர் கணக்குப்படி 40 அடி வரை ஏறப் பார்க்கும். 2004 மார்கழி 26க்குப் பிறகு இதைக் கண்ணால் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் உவர் குறையவில்லை, சில இடங்களில் கூடியது. கடைசியில் உப்பைக் கழுவியது மாரி மழைதான். மோட்டார்க் குழாயின் உறிஞ்சும் நுனியில் இருக்கும் புட்வால்வை அடித்தளத்தில் விடாமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, விட்டு விட்டு இறைத்தால் அதே கிணறு இனிப்பாகவே கிடக்கும்.

குழாய் வந்தபின் இந்தக் கிணறுகள் மூடப்படுவதும் குப்பைக் குழியாவதும் எனக்குப் பொறுக்கவில்லை. நீண்ட வரட்சிக்கு உன்னிச்சையின் ஒதுக்கமே முதலிடம். திடீரென்று வரும் ஆபத்துக்குக் கிணற்றுக்கு ஈடாக நான் எதையும் வைக்கமாட்டேன். வட்டாரத்துக்கு நாலைந்து பொதுக் கிணறுகளைத் தெரிந்தெடுங்கள்: கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை. வெள்ளநீர் ஏறாதபடி கட்டை உயர்த்தி, கைப்பம்பி பூட்டுங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உவரையும் கிருமியையும் பார்த்து, முடிவைக் கிணற்றடியிலேயே எழுதிப் போடட்டும்.