பொருளியல் படிக்க வெஸ்ட்வில் வளாகம்: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கை எழுதவிருக்கும் என் அண்ணன் மகள் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புவதால், குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தைக் குடும்பமாகச் சென்று பார்த்தோம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பிள்ளைக்கு முதல் பட்டத்துக்கு இது நல்ல தேர்வு என்பதே என் கருத்து. கணிதத்தையும் புள்ளியியலையும் இடையில் விட்டுவிடக் கூடாது என்பது மட்டுமே நான் வைக்கும் நிபந்தனை.

தென்னாப்பிரிக்காவில் இளநிலைப் பட்டம் பொதுவாக மூன்றாண்டு. ஆனர்ஸ் என்பது தனியாக விண்ணப்பித்து, மதிப்பெண் பார்த்து இடம் தரப்படும் நான்காம் ஆண்டு. பொருளியல் வல்லுநராகப் பணியாற்ற எண்ணுபவருக்கு அந்த ஆனர்ஸ் பெரும்பாலும் தேவைப்படும் என்பதால், பல்கலைக்கழகத்தை இரண்டு முறை தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று வருமானத்தையும் வேலையையும் பதிவுசெய்த தேசிய வருமான இயக்க ஆய்வு 2008-இல் தொடங்கியபோது, அதை நடத்தியது அங்குள்ள சால்ட்ரு ஆய்வு மையம்தான். கேப் டவுனுக்கு அருகிலுள்ள ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் 1944 முதல் பொருளாதார ஆய்வு நிலையம் இயங்குகிறது. ஆயினும் இத்தகைய ஆய்வுச் சூழலின் முழுப் பயன் ஆனர்ஸ், முதுநிலை மாணவர்களுக்கே அதிகம் கிடைக்கும். நுண்பொருளியலின் அடிப்படைகளைக் கற்பதற்காக, டர்பனிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி விடுதிக் கட்டணமும் பயணச் செலவும் சுமக்க வேண்டுமா என்பதைக் குடும்பங்கள் நிதானமாக எண்ண வேண்டும். முழு உதவித்தொகை கிடைத்த பிள்ளையை மட்டும் தயங்காமல் அனுப்பலாம்.

பெற்றோர் அதிகம் கவனிக்க வேண்டியது பத்தாம் வகுப்பில் எடுக்கும் முடிவு. கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்குகளை மட்டும் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட் எடுத்த மாணவருக்குப் பொருளியல் முதன்மைப் பாடத்தின் கதவுகள் பெரும்பாலும் மூடிவிடுகின்றன, ஏனெனில் இரண்டாம் ஆண்டிலிருந்து இந்தப் பாடம் நுண்கணிதத்தின் மீதே நடக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பதற்காகச் சில பள்ளிகள் பிள்ளைகளை மேத்ஸ் லிட் பக்கம் திருப்பும்போது, அதன் விலையைப் பிள்ளைதான் பிறகு கொடுக்கிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நம் முன்னோரின் தலைமுறையில், இனவொதுக்கல் ஆட்சியில், பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கவே இடமில்லை; இந்தியருக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் தொடங்கிய கல்லூரிக்கே போக வேண்டியிருந்தது. அதன் வழிவந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம்தான் 2004-இல் நாட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றைய நிறுவனமானது.

விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்னும் மைய அலுவலகம் வழியாகச் செல்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

எந்த வளாகத்தைப் பார்வையிட்டாலும் துறையினரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: மூன்றாம் ஆண்டில் பொருளாதார அளவையியல் (புள்ளியியல் கொண்டு பொருளாதாரத் தரவுகளை ஆராயும் பாடம்) கட்டாயப் பாடமா, மாணவர்கள் உண்மையான தரவுகளைக் கணினியில் தாங்களே பகுத்தாய்கிறார்களா? இதற்குத் தெளிவான பதில் தரும் துறையே ஆனர்ஸுக்கு மாணவரைத் தயார்செய்யும் துறை.