பழைய காரின் சன்ரூஃபும் நான்கு ஐப்பசிகளும்

என் மைத்துனரின் மகன் சென்ற வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். சன்ரூஃப், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வைத்த பழைய செடான் ஒன்று, விற்பவர் இரண்டு முறை விலையைக் குறைத்த பிறகும் போகாமல் நிற்கிறதாம். "கூரையில் லேசாகத் தண்ணீர் இறங்குமாம், ரப்பர் பீடிங் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா மாமா?" என்று கேட்டான். அதே வாக்கியத்தை நம்பித்தான் நானும் 2021-இல் என் காரை வாங்கினேன். தொலைபேசியில் சொல்லி முடியாத பதில் என்பதால் எழுதுகிறேன்.

காரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2009 மாடல், இன்ஜினும் கியரும் கோத்தகிரி ஏற்றத்தில் இன்றுவரை என்னை ஏமாற்றியதில்லை. வாங்கும்போது சமவெளியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, கூரைமேல் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அந்த ஆண்டு ஐப்பசியில் முதல் பெருமழை பிடித்தபோது, இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்தியதும், கூரையிலுள்ள படிக்கும் விளக்கின் ஓரத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் என் மடியில் கொட்டியது.

சன்ரூஃபின் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் தண்ணீரை முழுவதும் தடுப்பதற்காக வைத்ததல்ல என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதை ஏந்திக்கொள்ளக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் நான்கு மூலைகளிலிருந்து சுண்டுவிரலினும் மெல்லிய நான்கு வடிகுழாய்கள் புறப்பட்டு, முன்னவை இரண்டும் முன்கண்ணாடித் தூண்களின் வழியாகவும், பின்னவை இரண்டும் பின் தூண்களின் வழியாகவும் இறங்கி, சக்கரங்களின் அருகே வெளியேறுகின்றன. குழாய் அடைத்தால் தட்டு நிரம்பும். நிரம்பினால் உள்ளே வழியும். எனக்கு முன் வைத்திருந்தவர் பீடிங்கின்மீது சிலிக்கோன் பசையைச் சுற்றிலும் பூசியிருந்தார். அந்தப் பசை காய்ந்து துண்டு துண்டாக உதிர்ந்து வடிகுழாயின் வாயிலேயே போய் உட்கார்ந்திருந்தது. தலைவலிக்குத் தலையைச் சுற்றித் துணி கட்டியதோடு நில்லாமல் மூக்கையும் சேர்த்துக் கட்டியது போன்ற வைத்தியம்.

சமவெளியில் சொட்டாத கூரை மலையில் கொட்டியதற்குக் காரணம் சரிவு. சமதரையில் நான்கு குழாய்களில் இரண்டு அடைத்திருந்தாலும் மற்ற இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். என் வீட்டு வாசலோ முன்பக்கம் தாழ்ந்து, இடப்புறமும் சற்றே சாய்ந்த சரிவு. அங்கே நிறுத்தினால் தட்டில் விழும் தண்ணீர் முழுவதும் இடது முன் மூலைக்கு ஓடுகிறது. நான்கு குழாய்க்குரிய வேலையை ஒரே குழாய் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றுதான் அடைத்திருந்தது. நிறுத்தும் இடத்துக்கு மேலே சில்வர் ஓக் மரம் வேறு. அதன் சீப்புப் போன்ற இலை காய்ந்ததும் நூல் நூலாகப் பிரிந்துவிடும். சீகை மரத்தின் பொடியிலையும் காற்றில் வந்து சேரும். தேங்காய் அளவு இலைகள் உதிர்ந்திருந்தால் எனக்குக் கவலையே இல்லை.

வெளியே விசாரித்தபோது, தட்டும் சட்டமுமாக மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை காருக்கு நான் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு. கோபத்தில் நானே இறங்கினேன். பழைய ஏ.டி.எம். அட்டையால் சிலிக்கோனைச் சுரண்டவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. குழாய்க்குள் முதலில் சைக்கிள் பிரேக் கம்பியை விடப் பார்த்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். கம்பியின் முனை குழாயைக் கிழித்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்ணீர் தூணுக்குள்தான் இறங்கும். காற்றடிக்கும் கம்ப்ரஸரும் வேண்டாம் என்றார். அழுத்தத்தில் குழாய் தட்டிலிருந்து கழன்றுவிட்டால் மேற்கூரைத் துணியையே இறக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலான் நரம்பு இரண்டு மீட்டர், முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கியது, அதுவே போதுமானதாக இருந்தது. குழாயின் அடிமுனையில் பிளந்த வாய்போல ஒரு ரப்பர் மூடி இருந்தது; செம்மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. அதைப் பிதுக்கியதும் கறுத்த நீர் கதவுக் கீலின் அருகே பீறிட்டது. இவ்வளவு அழுக்கான ஒன்றைப் பார்த்து நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

உண்மையான செலவு உலர்த்துவதில்தான் வந்தது. கார்ப்பெட்டின் அடியிலுள்ள பஞ்சு குடித்த தண்ணீர் இந்தக் குளிரில் தானாகக் காய்வதில்லை. மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், காலால் அழுத்தினால் கசியும். இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டைச் சுருட்டி, மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் காட்டினேன். அதைச் செய்யாமல் விட்டால் பூஞ்சை வாடை மட்டுமல்ல, கார்ப்பெட்டுக்குக் கீழே ஓடும் வயர் இணைப்புகளும் பச்சை பூக்கும். மெக்கானிக் அண்ணன் தூண் உறைகளைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டார். பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை (ஏர்பேக்) உள்ள கார்களில் அந்த எச்சரிக்கை கட்டாயம். இணைப்பை மீண்டும் கொடுத்ததும் சன்ரூஃபின் மோட்டார் தன் மூடும் இடத்தை மறந்துவிட்டது. பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து, முழுச் சுற்று ஒன்றை ஓடவிட்ட பிறகே நினைவு திரும்பியது.

இதெல்லாம் நடந்து நான்காவது ஐப்பசி இது. நேர்மையாகச் சொன்னால் அதன்பின் மடியில் தண்ணீர் கொட்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும் என்று பிறர் சொல்லும் குழாய்ச் சுத்தத்தை நான் மாதம் ஒரு முறை செய்கிறேன். சில்வர் ஓக்குக்கு நாள்கணக்குத் தெரியாது. பீடிங்குக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் பூசினாலும், உறைபனிக் காலையில் மேடுபள்ளத்தில் ஏறும்போது தலைக்குமேல் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வருகிறது. கண்ணாடியின் உயரத்தை மூன்று முறை திருகிச் சரிசெய்தும் போகவில்லை. என் மனைவிக்கு அது கேட்பதே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

தை, மாசியில் கோடநாடு சாலையில் கண்ணாடியைத் திறந்து மெதுவாகப் போனால், தேயிலைத் தொழிற்சாலையில் இலை வறுபடும் மணம் முதலில் வரும். அதன் பின்னால் கற்பூர மரத்தின் மணம். பின்னிருக்கையில் என் பேத்தி வானத்தைப் பார்த்தபடி பேசாமல் படுத்திருப்பாள். அவள் பேசாமலிருக்கும் இடம் வேறொன்றும் எனக்குத் தெரியாது.

மைத்துனரின் மகனிடம், அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று காலை விடாத மழை. என் காரின் முன்னிருக்கைக்கு மேலே ஐந்து ரூபாய் நாணய அளவில் ஓர் ஈரத்தைக் கண்டிருந்தேன். அது கசிவல்ல, மூடுபனியில் உள்கண்ணாடி வியர்த்த நீர் என்பது மாலையில்தான் தெரிந்தது. சொன்னதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அவன் அந்தக் காரைப் பார்க்கப் போவான் என்று எனக்குத் தெரியும். போனால் இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகட்டும். சமதரையில் ஊற்றிப் பார்த்து ஏமாற வேண்டாம். மூக்கு தாழும்படி ஒரு சரிவில் நிறுத்தி, கண்ணாடியைத் திறந்து, தட்டின் முன் மூலை இரண்டிலும் தனித்தனியாக ஊற்றி, சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்க்கட்டும். பிறகு காரைத் திருப்பி நிறுத்திப் பின் மூலைகளுக்கும் அதையே செய்துவிட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கையை விட்டுப் பார்க்கட்டும்.