கிளைமேட் இனிஷியேட்டிவ்ஸ் பிளாட்ஃபார்ம்: யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு நல்ல பதிவேடு, என்ன செய்தார்கள் என்பதற்கு அரைகுறை

அரசுகள் கொடுக்கும் காலநிலை வாக்குறுதிகளைத் தேடி எடுப்பது சுலபம். நாட்டுக்கு ஒரு ஆவணம், அதற்கு ஒரே பதிவகம். மாநகராட்சிகள், மாநிலங்கள், நிறுவனங்கள், வங்கிகள், தொண்டு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து அறிவிக்கும் கூட்டு முயற்சிகளைத் தேடப் போனால்தான் தலை சுற்றும். ஒவ்வொரு காலநிலை மாநாட்டிலும் ஐந்தாறு புதிதாக முளைக்கும். இரண்டு வருடம் கழித்து அவற்றில் எது உயிரோடு இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. இந்தக் குவியலுக்கு ஒரே இடத்தில் அட்டவணை போட்டு வைத்திருப்பது கிளைமேட் இனிஷியேட்டிவ்ஸ் பிளாட்ஃபார்ம், சுருக்கமாக சி.ஐ.பி. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமான யுனெப்பின் கோபன்ஹேகன் காலநிலை மையம் நடத்துகிறது. இலவசம், யாரும் பார்க்கலாம். பத்திரிகையாளர், ஆய்வு மாணவர், நிறுவனத்தில் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிப்பவர் ஆகிய மூன்று தரப்புக்கும் இது பயன்படும். ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்து நுழைய வேண்டும்.

இதன் பின்னணியைத் தெரிந்துகொண்டால் இதன் குணம் புரியும். 2012-ல் ஈகோஃபிஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: அரசுகளை மட்டும் நம்பாமல், 21 பெரிய கூட்டு முயற்சிகளை ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டால் 2020-க்குள் ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி டன் பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க முடியும் என்பது அதன் சாரம். அப்படியானால் ஏற்கெனவே என்னென்ன முயற்சிகள் இருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. அந்தத் தொகுப்பு வேலைதான் இந்தத் தளமாக வளர்ந்தது. ஈகோஃபிஸும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிலைத்தன்மைத் தலைமைத்துவ நிறுவனமும் வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட்டும் தொடங்கி வைக்க, வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான நோர்டிக் அமைச்சர்கள் கவுன்சில் பணம் கொடுத்தது. பிறகு யுனெப் கைக்கு வந்தது. ஆக, ஆய்வாளர்கள் தங்கள் வசதிக்காகத் தொகுத்த பட்டியல் இது. தணிக்கை செய்யவென்று யாரும் இதைக் கட்டவில்லை.

விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளின் மேல்தான் தளம் ஓடுகிறது. தோற்றமும் அப்படியே. அழகு எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ஒரு முயற்சிக்கு ஒரு பக்கம். துறை வாரியாகப் பட்டியலைச் சுருக்கிப் பார்க்கலாம். பக்கத்துக்குள் முதலில் விவரிப்பு, நோக்கங்கள், செயல்பாடுகள். அடுத்துக் கண்காணிப்புப் பகுதி: முயற்சியின் பணி என்ன, இலக்குகள் என்ன, இலக்கை மாற்றினீர்களா, வலுப்படுத்தினீர்களா, முன்னேற்றம் எவ்வளவு, அதை எப்படி அளக்கிறீர்கள், அறிக்கை எங்கே கிடைக்கும். பிறகு உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது நாடுகள், மாநிலங்கள், நகரங்கள், நிறுவனங்கள், முதலீட்டாளர்கள், தொண்டு அமைப்புகள் என்று தனித்தனியாக. கேள்விகளை வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். சிக்கல் பதிலில்தான். பதில் சொல்வது அந்தந்த முயற்சியின் சொந்த அலுவலகம். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலத்தான்.

அதனால் இந்தப் பக்கங்களைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் கடைசியாகப் புதுப்பித்த தேதி. இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் அந்தப் பக்கத்தின் எண்கள் எதையும் 'தற்போது' என்ற சொல்லோடு எழுதாதீர்கள். அடுத்து, அறிக்கை கிடைக்கும் இடம் என்ற கட்டம். இணைப்பு முயற்சியின் முகப்புப் பக்கத்துக்கு மட்டும் போகிறதா, ஆண்டறிக்கைக்கு நேராகப் போகிறதா என்று சொடுக்கிப் பாருங்கள். மூன்றாவது, முன்னேற்றம் என்ற கட்டம். 'பல பயிலரங்குகள் நடத்தினோம், புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள்' என்று எழுதியிருந்தால் அது வேலை நடந்ததற்குச் சாட்சி. உமிழ்வு குறைந்ததற்குச் சாட்சி ஆகாது. இந்த மூன்றும் தேறினால் மட்டும் மேலே போய் விவரிப்பைப் படியுங்கள். விவரிப்புப் பத்திகள் பெரும்பாலும் விளம்பரச் செய்தி அறிக்கை பாணி ஆங்கிலம்தான், அவற்றைப் படிக்க அவசரப்பட வேண்டியதில்லை.

இலக்குகள் என்ற கட்டம்தான் ஆராய வேண்டிய இடம். இது கட்டற்ற உரையாக இருப்பதால், ஒரு பக்கத்தில் ஆண்டும் சதவீதமும் இருக்கும், அடுத்த பக்கத்தில் 'விழிப்புணர்வை அதிகரித்தல்' என்று மட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுக்க முடியாது. எண் இருந்தாலும் அடிப்படை ஆண்டு இல்லையென்றால் அந்த எண் பாதி எண்தான். ஒரு நகரத்தின் உமிழ்வு 2005-ல் 100 அலகு, 2019-ல் 70 அலகு என்று வைத்துக்கொள்வோம். '2030-க்குள் 40 சதவீதம் குறைப்பு' என்ற வாக்குறுதியின் அடிப்படை 2005 என்றால் 2030-ல் 60 அலகு வரை விடலாம். 70-லிருந்து இன்னும் 10 அலகு குறைத்தால் போதும், அதாவது சுமார் 14 சதவீத உழைப்பு. அடிப்படை 2019 என்றால் 42-க்கு இறங்க வேண்டும். சொல்லும் வாக்கியம் ஒன்றே, வேலை ஏறக்குறைய மூன்று மடங்கு. அடிப்படை ஆண்டு சி.ஐ.பி. பக்கத்தில் இல்லையென்றால் முயற்சியின் சொந்தத் தளத்துக்கோ உறுப்பினரின் திட்ட ஆவணத்துக்கோ போங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

இன்னொரு வழுக்குப் பாறை, இலக்கு எதைத் தொடுகிறது என்பது. ஆர்.இ.100 என்ற முயற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளைமேட் குரூப் என்ற தொண்டு அமைப்பு, நிறுவனங்களிடமும் நகரங்களிடமும் உமிழ்வுத் தகவல் திரட்டும் சி.டி.பி. அமைப்போடு சேர்ந்து 2014-ல் இதைத் தொடங்கியது. உறுப்பு நிறுவனங்கள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு இது பெரிய பங்கு. சிமென்ட் ஆலைக்கோ சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வெளியேறும் கரியமில வாயுதான் மொத்த உமிழ்வில் சுமார் 60 சதவீதம். சூளையை எரிக்கும் எரிபொருள் அதற்கு மேல். மின்சாரம் முழுவதும் காற்றாலையிலிருந்து வந்தாலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கும். உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்த்து '100 சதவீதம்' என்று தலைப்புப் போடுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நோக்கத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்துக்கு 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் அறிவித்த காடுகள் பிரகடனம் நல்ல பாடம். இயற்கைக் காட்டழிவு வேகத்தை 2020-க்குள் பாதியாகக் குறைப்போம், 2030-க்குள் நிறுத்த முயல்வோம் என்றது. ஆண்டு உண்டு, அளவு உண்டு, கையெழுத்திட்ட அரசுகளும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் ஏராளம். பட்டியலில் வைத்துப் பார்த்தால் முதல் தர முயற்சி. ஐந்து வருடம் கழித்து 2019-ல் வந்த மதிப்பீடு, மரப்பரப்பு இழப்பின் ஆண்டு சராசரி 43 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. இந்தப் பிரகடனத்துக்காவது தனி மதிப்பீட்டுக் குழு இருந்தது, அதனால் தோல்வி வெளியே தெரிந்தது. மதிப்பீட்டாளர் இல்லாத முயற்சிகளில் தோல்வி மௌனமாகத்தான் இருக்கும்: பக்கம் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான்.

பக்கம் இருப்பதாலேயே முயற்சி இருக்கிறது என்றும் கொள்ள முடியாது. காப்பீட்டு நிறுவனங்களின் நெட்-ஜீரோ (நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடும் அளவும் நீக்கும் அளவும் சமமாவது) கூட்டணி 2021-ல் தொடங்கி, 2023-ல் பெரிய உறுப்பினர்கள் வரிசையாக வெளியேற, 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. வங்கிகளின் கூட்டணியும் 2021-ல் பிறந்து 2025 அக்டோபரில் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. உறுப்பினர் நிலையும் மாறும். நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் அறிவியல் அடிப்படை இலக்குகள் முயற்சியான எஸ்.பி.டி.ஐ., கெடுவுக்குள் இலக்கைச் சமர்ப்பிக்காத 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உறுதிமொழிகளை 2024 மார்ச்சில் 'நீக்கப்பட்டது' என்று குறித்தது. அந்தப் பட்டியலில் 'உறுதியளித்தது' என்பதும் 'இலக்கு அங்கீகரிக்கப்பட்டது' என்பதும் வெவ்வேறு படிகள். முதலாவது வெறும் கடிதம். சி.ஐ.பி.யில் தெரியும் உறுப்பினர் எண்ணிக்கை இந்த வேறுபாட்டையெல்லாம் காட்டாது. எண்ணை எழுதுவதற்கு முன் அந்த முயற்சியின் தளத்தில் அன்றைய பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

எண்களைக் கூட்டுவதா? கூட்டவே கூடாது. ஒரு நகரம் சி40 என்ற பெருநகரங்களின் கூட்டமைப்பிலும் இருக்கும், உலக மேயர்கள் உடன்படிக்கையிலும் இருக்கும். அது அமைந்துள்ள மாநிலம், மாநில அரசுகளின் அண்டர்2 கூட்டணியில் இருக்கும். அந்த நகரத்து ஆலை ஆர்.இ.100-ல் இருக்கும், அந்த ஆலைக்கு மின்சாரம் தரும் நிறுவனம் வேறொரு பட்டியலில் இருக்கும். ஒரே டன் கரியமில வாயுவை ஐந்து முயற்சிகள் குறைத்ததாகச் சொல்லிக்கொள்ளும். அதற்கு மேல், நாட்டின் அதிகாரபூர்வ இலக்கிலேயே அந்த டன் ஏற்கெனவே எண்ணப்பட்டிருக்கும். இந்த ஒன்றின் மேல் ஒன்று படிதலைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதை யுனெப்பின் 2018 உமிழ்வு இடைவெளி அறிக்கை சொன்னது. தனித்தனி நகரங்கள், மாநிலங்கள், நிறுவனங்கள் கொடுத்த, அளவிடக்கூடிய உறுதிமொழிகள் முழுக்க நிறைவேறினாலும், நாடுகளின் இலக்குகளுக்கு மேல் 2030-ல் கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 20 கோடி முதல் 70 கோடி டன். கூட்டு முயற்சிகள் தங்கள் முழுத் திறனுக்கு விரிந்தால், நடப்புக் கொள்கைகளோடு ஒப்பிடுகையில் 1,900 கோடி டன் வரை. 2017-ல் உலகின் மொத்த உமிழ்வே 5,350 கோடி டன்தான். 70 கோடிக்கும் 1,900 கோடிக்கும் ஒப்பீட்டு அடிப்படை வேறு என்பதையும் கவனியுங்கள். இருந்தாலும் மேடைப் பேச்சுகளில் 1,900 கோடிதான் அடிக்கடி வரும், 'முழுத் திறனுக்கு விரிந்தால்' என்ற நிபந்தனை மட்டும் வராது.

சி.ஐ.பி.யின் பெரிய குறை, அது முயற்சிகளின் பெயரால் அடுக்கப்பட்டது. ஒரு நகரம் அல்லது நிறுவனத்தின் பெயரோடு வருபவர் ஐ.நா. காலநிலை அமைப்பின் குளோபல் கிளைமேட் ஆக்ஷன் போர்ட்டலுக்குப் போக வேண்டும். 2014 டிசம்பரில் லிமா மாநாட்டில் 'நாஸ்கா' என்ற பெயரில் பிறந்த தளம் அது. 2015 பாரிஸ் மாநாட்டு முடிவே அதில் பதிவு செய்யும்படி ஊக்குவிக்கிறது. (பெருவின் நாஸ்கா பாலைவனக் கோடுகளும் உயரத்திலிருந்து பார்த்தால்தான் உருவமாகத் தெரியும்; கிட்டே போனால் வெறும் கற்கள். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.) கூட்டு முயற்சிகளுக்கான தகவலை இந்தப் போர்ட்டல் சி.ஐ.பி.யிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தனி நகரங்கள், நிறுவனங்களுக்கு சி.டி.பி., உலக மேயர்கள் உடன்படிக்கை போன்ற அமைப்புகள் திரட்டியவை வருகின்றன. அதனால் இரு தளங்களிலும் ஒரு முயற்சி பற்றி ஒரே தகவல் இருந்தால், இரண்டு சான்று கிடைத்தது என்று மகிழாதீர்கள். இரண்டும் ஒரே ஊற்று.

போர்ட்டலில் தேடும்போது பெயரில் கவனம் வேண்டும். பெங்களூரை இரண்டு எழுத்துக்கூட்டலிலும், நிறுவனத்தைச் சந்தைப் பெயரிலும் பதிவுப் பெயரிலும், தாய் நிறுவனத்தின் பெயரிலும் தேடுங்கள். மாநகராட்சி வேறு, பெருநகரப் பகுதி வேறு. உமிழ்வுக் கணக்கு எந்த எல்லைக்கு உரியது என்று பார்க்காமல் மக்கள்தொகையால் வகுத்தால் விடை தப்பும். நிறுவனம் என்றால் ஸ்கோப் 1 (தானே நேரடியாக வெளியிடுவது), 2 (வாங்கும் மின்சாரத்தால் வருவது), 3 (வாங்கும், விற்கும் பொருள்களின் வழியே வருவது) ஆகியவற்றில் எது இலக்குக்குள் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கார் கம்பெனிக்கும் எண்ணெய் கம்பெனிக்கும் விற்ற பொருளைப் பயன்படுத்தும்போது வரும் ஸ்கோப் 3-தான் மலை, மற்றவை மடு. தரவு ஆண்டுச் சுழற்சியில் வருவதால், உமிழ்வு எண்ணின் ஆண்டும் நீங்கள் பார்க்கும் ஆண்டும் ஒன்றாக இருக்காது.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சென்னை. சி40 உறுப்பு நகரம். 2023-ல் மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050-க்குள் நிகர பூஜ்ஜியம் என்கிறது. சி.ஐ.பி.யில் சி40 பக்கத்தைத் திறந்தால் கூட்டமைப்பு என்ன செய்கிறது என்று தெரியும். சென்னை என்ன செய்யும் என்று தெரியாது. அதற்கு மாநகராட்சியின் ஆவணமேதான். இந்த வகையில் தளத்தைப் பயன்படுத்துவதே சரி: முயற்சியின் விதிகளை இங்கே பாருங்கள், உறுப்பினரின் செயலை உறுப்பினரிடம் தேடுங்கள்.

வாக்குறுதியின் தரத்தை எடைபோட சி.ஐ.பி.யைவிட நெட் ஜீரோ டிராக்கர் என்ற தளம் மேல். ஆக்ஸ்ஃபோர்டு நெட் ஜீரோ, நியூகிளைமேட் உள்ளிட்ட நான்கு அமைப்புகள் நடத்துவது. இடைக்கால இலக்கு உண்டா, திட்டம் வெளியாகியிருக்கிறதா, கார்பன் ஈட்டை (வேறிடத்தில் நடந்த குறைப்பைக் காசு கொடுத்துத் தன் கணக்கில் சேர்ப்பதை) எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதையெல்லாம் தரப்பினர் சொல்வதைக் கேட்டு எழுதாமல், வெளியான ஆவணங்களைப் படித்துத் தாங்களே குறிக்கிறார்கள். ஆனால் நாடுகள், பெரிய உமிழ்வு நாடுகளின் மாநிலங்கள், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட உலகின் மிகப் பெரிய 2,000 நிறுவனங்கள் என்ற வட்டத்துக்கு வெளியே அது போகாது. சிறு முயற்சிகளுக்கும், குளிரூட்டல், சமையல் அடுப்பு, நெல் வயல் மீத்தேன் போன்ற மூலை முடுக்குத் துறைகளுக்கும் சி.ஐ.பி.யை விட்டால் வேறு நல்ல அட்டவணை கிடைப்பது கடினம்.

கடைசியாக ஒரு வேலை. மேற்கோள் காட்டும் பக்கத்தை எடுத்த அன்றே தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள், அப்படியே இணையக் காப்பகத்தில் அதே பக்கத்தின் இரண்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலக்குகள் கட்டத்தை மட்டும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். 2020 என்று இருந்த இடத்தில் 2030 வந்திருந்தால், அதுதான் உங்கள் செய்தி.