துணிக்கூரை மாஸ்டா வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பாருங்கள்

மாஸ்டா எம்.எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 2003 மாடல், 1.8 லிட்டர். லண்டனில் நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். மழைக்குப் பேர்போன ஊரில் கூரை திறக்கும் கார் எதற்கு என்று மனைவி இன்றும் கேட்கிறாள். கூரையை மடக்கிவிட்டு ஊருக்கு வெளியே வளைவுகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

இதை வாங்குவதற்குள் மூன்று வண்டிகள் பார்த்தேன். முதலாவது சிவப்பு, கண்ணாடி போல மின்னியது. விற்றவர் என்ஜினைக் காட்டுவதிலேயே குறியாக இருந்தார். நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், பேதை. இந்த வண்டியின் என்ஜின் கெட்டியானது. 60,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டும் நேரத்துக்கு ஆயிலும் மாற்றியதற்கு ரசீது இருந்தால் போதும். இதைக் கொல்வது தண்ணீர்தான்.

கூரைத் துணியில் விழும் மழை, இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் இருக்கும் குழாய்களில் இறங்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் உலோகப் பகுதியை இங்குள்ள மெக்கானிக்குகள் 'சில்' என்கிறார்கள். அது உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். சமையலறைக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். சிவப்பு வண்டியின் சில்லில், பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், காந்தம் ஒட்டாமல் விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். விற்றவர் வானத்தைப் பார்த்தார்.

இரண்டாவது வெள்ளி நிறம். பிரிட்டனில் வண்டி எண்ணைக் கொடுத்தால் ஆண்டுதோறும் நடந்த எம்.ஓ.டி. எனும் கட்டாயத் தகுதிச் சோதனையின் முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இந்த வண்டிக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 'அடிப்பகுதியில் துரு' என்ற எச்சரிக்கை, நான்காம் ஆண்டு ஒன்றுமில்லை. துரு தானாக ஆறுமா என்ன? மெக்கானிக் கடையில் வண்டியைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் அடியில் புதுக் கறுப்புப் பூச்சு, தார் போல. இந்தத் தலைமுறையில் முன் சக்கரங்களுக்கு நடுவே ஓடும் சட்டங்களும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்யும் வெல்டிங் செலவு வண்டி விலையைத் தொட்டுவிடும். லிஃப்டில் ஏற்ற மறுப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

கூரையை நீங்களே இரண்டு மூன்று முறை மடக்கி விரியுங்கள், தையல் விட்டிருந்தால் அப்போது தெரியும். இருக்கைக்குப் பின்னாலுள்ள கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். டிக்கியில் பேட்டரி இருக்கும் மூலையில் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள்.

நான் வாங்கியது மூன்றாவது, பச்சை. கதவில் நீளக் கீறல், ஓட்டுநர் இருக்கையில் கிழிசல், சில் மட்டும் முழுசு. 2,400 பவுண்டு. முதல் ஆண்டிலேயே கிளட்ச் சிலிண்டர் ஒழுகியது. நெடுஞ்சாலையில் கூரை மூடியிருந்தாலும் கத்தித்தான் பேச வேண்டும். இரண்டு பெட்டிக்கு மேல் டிக்கியில் இடமில்லை.

ஒவ்வோர் அக்டோபரிலும் புல்வெட்டி நைலான் இழையை விட்டு அந்தக் குழாய்களைக் குத்திவிடுகிறேன். மனைவி மேலிருந்து குவளைத் தண்ணீரை ஊற்றுவாள், நான் தரையில் படுத்து அது சொட்டுகிறதா என்று பார்ப்பேன்.