ஆட்டாப்சியில் ஏழு ஆண்டுகள்: கண்டதை எழுதிவைப்பது பற்றி

கணினி, பென்டிரைவ் போன்றவற்றில் தடயம் தேட உதவும் இலவசத் திறந்த மூல மென்பொருள் ஆட்டாப்சி. ஸ்லூத் கிட் என்ற தடயவியல் கருவித் தொகுப்புதான் அதன் அடித்தளம். ஏழு ஆண்டுகளாக என் தினசரி வேலையே அதில்தான். அழித்த கோப்புகளை மீட்பதில் அதன் திறமையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ரிப்போர்ட் பற்றி.

முதல் ஆண்டில் எல்லா முடிவுகளையும் சேர்த்து எச்டிஎம்எல் ரிப்போர்ட் எடுத்து அப்படியே கொடுத்தேன். வாங்கிய வழக்கறிஞர், "இதுல நான் எதைப் பார்க்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து, முக்கியம் என்று நான் டேக் (அடையாளம்) போட்டவை மட்டுமே ரிப்போர்ட்டில் சேரும். டேக் போடும்போதே, அந்தக் கோப்பு ஏன் முக்கியம் என்று கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிடுவேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்று வாரத்தில் எனக்கே மறந்துபோகும்.

ரொம்பவே அடிபட்டது நேர மண்டலத்தில். லேப்டாப்பில் உருவான ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அது உருவாவதற்கு மூன்று மணி நேரம் முன்பே பென்டிரைவுக்குப் போயிருப்பதாகக் காட்டியது. லேப்டாப்பில் இருந்த கோப்பு முறைமை (கோப்புகளைச் சேமிக்கும் அமைப்பு) என்டிஎஃப்எஸ். நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் வைக்கும். பென்டிரைவில் இருந்தது ஃபேட்32 என்ற வேறொரு கோப்பு முறைமை, கணினிக் கடிகாரத்தின் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிடும். இமேஜை, அதாவது வட்டின் முழு நகலைச் சேர்க்கும்போது ஆட்டாப்சி நேர மண்டலம் கேட்கும். நான் கவனிக்காமல் அடுத்த திரைக்குப் போயிருந்தேன். அதனால் பென்டிரைவின் நேரம் தவறான மண்டலத்தில் கணக்கிடப்பட்டது. ரிப்போர்ட் வெளியே போகும் முன் சக ஆய்வாளர் பிடித்துவிட்டார். இப்போது எந்த நேரத்தையும் யுடிசி வித்தியாசம் சேர்க்காமல் எழுதுவதில்லை. மென்பொருளின் பதிப்பு எண்ணும் கூடவே வரும்.

நகல் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்ற ஹேஷ் விஷயத்தில், இமேஜ் எடுக்கும் மென்பொருளான எஃப்டிகே இமேஜர் பெரிய உதவி. இமேஜ் பக்கத்திலேயே எம்டி5, ஷா-1 என்ற இரு வகை ஹேஷ் மதிப்புகளையும் தொடங்கி முடித்த நேரத்தையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக வைத்துவிடும். ஆனால் எம்டி5-க்கு 2004-லும் ஷா-1-க்கு 2017-லும் மோதல் (இரு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் வருவது) நிரூபிக்கப்பட்டுவிட்டது. அதனால் இன்னும் வலுவான ஷா-256-ஐயும் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கிறேன்.

குறை என்றால் ஒன்றுதான், ஆனால் பெரியது. தேடியும் கிடைக்காதவை ரிப்போர்ட்டில் வராது. அதற்காகவே பக்க எண் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒருமுறை குறுக்கு விசாரணையில், குறிப்பிட்ட ஒரு கோப்புப் பெயரைத் தேடவே இல்லை என்று சொல்லி மடக்கப் பார்த்தார்கள். நோட்டைத் திறந்தேன். தேதி, நேரம், தேடிய சொல், எதிரே "ஏதும் இல்லை". அதை அப்படியே படித்துக் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.