காலேஜ் நேவிகேட்டர்: கீழே மடிந்து கிடக்கும் இரண்டு பட்டைகள்

அமெரிக்காவில் கல்லூரி தேடுபவர்கள் தரவரிசைப் பட்டியல்களில் விழுவதற்கு முன் ஒருமுறை காலேஜ் நேவிகேட்டரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. அந்நாட்டின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் நடத்தும் இந்த இலவச இணையச் சேவையில் விளம்பரத் தொல்லை இல்லை; தோற்றம் மட்டும் பழைய அரசு அலுவலகத்தை நினைவூட்டும்.

அக்கா மகனுக்குக் கல்லூரி பார்க்கும் சாக்கில் பல மாலைப் பொழுதுகளை இதில் கழித்தேன். ஒரு கல்லூரியின் பெயரைச் சொடுக்கினால் மடித்து வைத்த தலைப்புகள் வரிசையாக வருகின்றன. கட்டணம், நிதியுதவி, சேர்க்கை ஆகியவற்றைப் பார்த்ததும் பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அவற்றுக்குக் கீழே பட்ட நிறைவு விகிதம் பற்றிய தலைப்பை விரித்தால், ஆறு ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் முடித்தவர்களின் விகிதம் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு பட்டைகளாகத் தெரியும். நான் பார்த்த கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் ஆண்களின் பட்டைதான் குட்டையாக இருந்தது. நாடளாவிய கணக்கும் அப்படியே இருக்கிறது: 2014 இலையுதிர்காலத்தில் நான்காண்டுக் கல்லூரிகளில் முதன்முறையாக, முழுநேர மாணவர்களாகச் சேர்ந்தவர்களில், பெண்களில் 67 சதவீதத்தினரும் ஆண்களில் 60 சதவீதத்தினருமே ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றனர். 1980களின் தொடக்கத்திலிருந்தே அங்கு இளநிலைப் பட்டம் பெறுவோரில் பெண்களே அதிகம் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் சேரும்போது இருக்கும் இடைவெளி வேறு, முடிக்கும்போது உண்டாகும் இடைவெளி வேறு என்பது மாணவர் எண்ணிக்கைப் பகுதியில் உள்ள ஆண், பெண் விகிதத்தையும் இந்தப் பட்டைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்.

ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. நான்கு, ஆறு, எட்டு ஆண்டுகளில் முடித்தோர் விகிதத்தை இன்னொரு படம் காட்டுகிறது, ஆனால் அது ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. நாடளாவிய அளவில் நான்காண்டுக் கணக்கில் இடைவெளி ஆறாண்டுக் கணக்கைவிட அகலமானது என்பதால், ஆண்களில் ஒரு பகுதியினர் படிப்பை விடவில்லை, தாமதமாக முடிக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் அது உண்மையா என்று அறிய இங்கே வழியில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையைப் பெறுவோரின் நிறைவு விகிதமும் அதே பகுதியில் இருக்கிறது, ஆனால் அதுவும் பாலின வாரியாக இல்லை. வசதி குறைந்த வீட்டுப் பையன்களின் நிலை என்ன என்பதுதான் நான் தேடிய கேள்வி, அதற்கான கட்டமே இல்லை. பாடவாரியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியாது என்பதால், பொறியியல் மிகுந்த கல்லூரியையும் கலைப்பாடங்கள் மிகுந்த கல்லூரியையும் பட்டையின் உயரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பகுதிநேர மாணவர்களும், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களும் இந்தப் பட்டைகளில் இல்லை; இங்கே சேர்ந்து, மாறிப் போய், வேறிடத்தில் பட்டம் வாங்கியவர் இங்கே முடிக்காதவராகவே எண்ணப்படுகிறார். தவிர, ஆறாண்டுக் கணக்கு என்பதால் இன்று நாம் பார்ப்பது குறைந்தது ஆறேழு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களின் கதை. சிறிய கல்லூரிகளில் நாலைந்து பேர் நின்றாலே விகிதம் சட்டென்று சரியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அக்கா மகனிடம் ஒரு கல்லூரியின் பக்கத்தைக் காட்டியபோது அவன் கட்டணத்தைப் பார்க்கவில்லை. ஆண்களின் பட்டைக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, "மாமா, இவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அப்படியே அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம்.